பழைய டிராக்டரில் ஆயில் பிரஷர் குறைந்தால் என்ன செய்வது?

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ஆம் நாளை ஒட்டி டெல்டாவில் குறுவை வேலைகள் சூடு பிடிக்கின்றன. சேற்றுழவு தொடங்கிவிட்டால் டிராக்டர் நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஓட வேண்டியிருக்கும். ஆண்டு முழுவதும் வெளியே தெரியாமலிருந்த என்ஜின் குறைகள் இந்தக் கடும் வேலையில்தான் தலைகாட்டும். அவற்றுள் விவசாயிகள் உடனே கவனிக்க வேண்டியது, பட்டறைகளில் ஆயில் பிரஷர் என்று கூறப்படும் என்ஜின் எண்ணெய் அழுத்தம் ஆகும்.

பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்த டிராக்டரில் அழுத்தம் குறையும்போது இரண்டு விதமான தவறுகள் நேர்கின்றன. "வண்டி நன்றாகத்தானே இழுக்கிறது" என்று முள் காட்டுவதைப் பொருட்படுத்தாமல் ஓட்டுவது ஒன்று. "பேரிங் போய்விட்டது" என்று யாரோ கூறியதைக் கேட்டு, காரணம் இன்னதென்று பார்க்காமலே என்ஜினைப் பிரித்துவிடுவது மற்றொன்று. இரண்டுமே பெரும் பண இழப்பில் முடியும். அழுத்தம் குறைவதற்கான காரணங்களில் பல என்ஜினுக்கு வெளியிலேயே, சிறு செலவில் சரி செய்யக் கூடியவையாக உள்ளன. எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்ற வரிசை தெரிந்தால் போதும்.

அழுத்தம் எப்படி உண்டாகிறது?

என்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியிலிருந்து ஆயில் பம்ப் ஒரு சல்லடை வழியாக எண்ணெயை உறிஞ்சுகிறது. அந்த எண்ணெய் பில்டர் வழியாகச் சென்று, கிராங்க் ஷாப்டின் மெயின் பேரிங்குகள், கனெக்டிங் ராடு பேரிங்குகள், கேம் ஷாப்ட், வால்வுகளை இயக்கும் ராக்கர்கள் ஆகியவற்றை அடைகிறது. பின்னர் வழிந்து மீண்டும் தொட்டிக்கே வந்து சேர்கிறது.

சொட்டு நீர்ப் பாசனம் அமைத்துள்ள விவசாயிகளுக்கு இது எளிதில் விளங்கும். மோட்டார் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் பக்கக் குழாய்களில் நான்கு இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டால் மீட்டரில் அழுத்தம் இறங்கிவிடும். கடைசி வரிசைச் செடிக்குத் தண்ணீர் போகாது. என்ஜினிலும் அப்படித்தான். பம்ப் தள்ளும் எண்ணெய்க்குப் பேரிங்குகளின் குறுகிய இடைவெளி தடையாக இருப்பதால்தான் அழுத்தம் உண்டாகிறது. தலைமயிரின் கனத்தை ஒத்த இந்த இடைவெளி தேய்மானத்தால் இரு மடங்கானால், அதன் வழியே கசியும் எண்ணெய் ஏறக்குறைய எட்டு மடங்காகப் பெருகும். ஆகவே சிறு தேய்மானம் கூட முள்ளில் தெரிந்துவிடும்.

தேவைக்கு மேல் அழுத்தம் ஏறாதபடி பார்த்துக் கொள்வதற்கு ரிலீப் வால்வு என்ற ஸ்பிரிங் வால்வு உண்டு. மிகுதியான எண்ணெயை இது தொட்டிக்கே திருப்பி விடும்.

இங்கு ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். எண்ணெய் அழுத்தம் போய்விட்டது என்பதற்காகப் பழைய டீசல் என்ஜின் தானாக நின்றுவிடாது. டீசல் கிடைக்கும் வரை ஓடிக் கொண்டேயிருக்கும். பேரிங் உருகி, கிராங்க் ஷாப்ட் இறுகிப் பிடிக்கும்போதுதான் நிற்கும். அதற்குள் சேதம் முடிந்துவிடும்.

எவ்வளவு இருக்க வேண்டும்?

சரியான அளவு டிராக்டரின் கையேட்டில் தரப்பட்டிருக்கும். அதுவே இறுதியானது. பொதுவாகச் சிறிய, நடுத்தர டிராக்டர்களில் என்ஜின் நன்கு சூடேறி, வேலை செய்யும் வேகத்தில் ஓடும்போது சதுர சென்டிமீட்டருக்கு 2 முதல் 4 கிலோ வரை இருக்கும். மெதுவான ஓட்டத்தில் சுமார் 1 கிலோ அளவுக்கு இறங்குவது இயல்பே. நிமிடத்திற்கு 1,000 சுற்றுக்கு 0.7 கிலோ வீதமாவது வேண்டும் என்பது மெக்கானிக்குகளிடையே வழங்கும் கணக்கு. இக்கணக்கின்படி 2,000 சுற்றில் 1.4 கிலோவுக்குக் கீழே இறங்கினால் அது ஆபத்து எல்லை. சில மீட்டர்களில் பவுண்டுக் கணக்கு இருக்கும். 14 பவுண்டு ஏறக்குறைய 1 கிலோவுக்குச் சமம். பார் என்று குறிக்கப்பட்டிருந்தால் அதையும் கிலோவாகவே கொள்ளலாம்.

காலையில் என்ஜினைக் கிளப்பியதும் முள் மேலே நிற்கும். எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருப்பதே காரணம். சூடு ஏற ஏற எண்ணெய் இளகி, முள் சற்றே இறங்கும். இது நோயல்ல. எனவே காலையில் பார்த்த அளவையும் மாலையில் பார்த்த அளவையும் ஒப்பிட்டுக் கலங்க வேண்டியதில்லை. ஒரே சூட்டில், ஒரே வேகத்தில் பார்த்த அளவுகளை மட்டுமே ஒப்பிட வேண்டும்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. மாதம் ஒரு முறை, அரை மணி நேரத்திற்கு மேல் வேலை செய்த டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்தி, மெதுவான ஓட்டத்திலும், மீட்டரில் 1,500 சுற்றிலும் அழுத்தத்தைப் பார்த்து, மணி மீட்டரின் எண்ணுடன் ஒரு நோட்டில் குறித்து வரவும். முள் எங்கே நிற்கிறது என்பதைவிட, போன மாதம் எங்கே நின்றது என்பதே அதிகம் சொல்லும்.

மாறுதலின் தன்மையைக் கவனியுங்கள்

அழுத்தம் எப்படி மாறியது என்பதை வைத்தே காரணத்தைப் பெருமளவு கணிக்கலாம்.

திடீரென்று பூஜ்யத்துக்கு வந்தால்: தொட்டியில் எண்ணெய் இல்லாமை, பம்பை இயக்கும் பாகம் முறிதல், ரிலீப் வால்வில் தூசி சிக்கி அது திறந்தபடியே நிற்றல், அல்லது மீட்டர் கெடுதல் காரணமாகலாம். எதுவாயினும் என்ஜினை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். வரப்பு வரை ஓட்டிச் செல்வதும் கூடாது.

எண்ணெய் மாற்றிய பின் குறைந்தால்: தவறான தரம், போலி எண்ணெய், பில்டர் ரப்பர் வளையம் சரியாக உட்காராமை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

சில நாட்களில் குறைந்து, எண்ணெய் மட்டமும் உயர்ந்தால்: எண்ணெயில் டீசலோ, தண்ணீரோ கலக்கிறது என்று கொள்ளலாம்.

சேற்றில் முன்பக்கம் தூக்கும்போதும், மேட்டில் ஏறும்போதும் மட்டும் முள் ஆடினால்: எண்ணெய் குறைவாக இருப்பதால் சல்லடை காற்றை உறிஞ்சுகிறது, அல்லது உறிஞ்சு குழாயின் இணைப்பு தளர்ந்துள்ளது.

உச்சி வெயிலில், கடும் வேலையில் மட்டும் குறைந்தால்: என்ஜின் அளவுக்கு மேல் சூடாகிறது. ரேடியேட்டர் கண்களில் வைக்கோல் தூசியும் சேறும் அடைத்திருக்கும். விசிறி பெல்ட் தளர்ந்திருக்கும்.

பல மாதங்களாகச் சிறிது சிறிதாகக் குறைந்து வந்தால்: பேரிங், ஆயில் பம்ப் ஆகியவற்றின் தேய்மானமே பெரும்பாலும் காரணம்.

வழக்கத்தைவிட உயர்ந்தால்: இதுவும் நல்லதல்ல. மிகக் கெட்டியான எண்ணெய், மூடியபடி சிக்கிக் கொண்ட ரிலீப் வால்வு, எண்ணெய் வழியில் அடைப்பு ஆகியவை காரணமாகலாம். அடைப்புக்கு அப்பாலுள்ள பேரிங்குக்கு எண்ணெய் போகாது.

பார்க்க வேண்டிய வரிசை

1. எண்ணெய் மட்டம்: டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து அளவுக் கம்பியை எடுத்துப் பார்க்கவும். கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையில் எண்ணெய் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் அதே தர எண்ணெயை ஊற்றுவதுடன், எங்கே போயிற்று என்றும் பார்க்கவும். நீலப் புகை வந்தால் என்ஜின் எண்ணெயை எரிக்கிறது. வெளியே கசிவு இருந்தால் அந்த இடத்தில் தூசி அப்பியிருக்கும்.

2. எண்ணெயின் நிலை: மேல் கோட்டையும் தாண்டி மட்டம் உயர்ந்திருந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம். என்ஜினில் எண்ணெய் தானாக ஊறாது. கம்பியை முகர்ந்து பார்த்தால் டீசல் கலந்திருப்பது தெரியும். விரல்களுக்கிடையில் தேய்த்தால் வழுவழுப்புக் குறைந்து தண்ணீர் போலிருக்கும். மை ஒற்றும் தாளில் ஒரு சொட்டு விட்டு ஓரிரு மணி நேரம் வைத்தால், கறுத்த நடுப்பகுதியைச் சுற்றி வெளிறிய, அகன்ற வளையம் படரும். பக்கத்திலேயே புது எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒப்பிட்டுக் கொள்ளலாம்.

டீசல் வரும் வழிகள் மூன்று. என்ஜினின் பக்கவாட்டில் பொருத்தியுள்ள டயபிரம் வகை பீட் பம்பில் டயபிரம் கிழிந்திருக்கலாம். இன்ஜெக்டர் சரியாக மூடாமல் சொட்டிக் கொண்டிருக்கலாம். சில என்ஜின்களில் டீசல் பம்பின் அச்சிலுள்ள சீல் தேய்ந்திருக்கலாம். இவற்றைச் சரி செய்யாமல் எண்ணெயை மட்டும் மாற்றினால் பயனில்லை. மட்டம் மிகவும் உயர்ந்த நிலையில் ஓட்டினால், தொட்டி எண்ணெயையே என்ஜின் உறிஞ்சி எரித்து, கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும் ஆபத்தும் உண்டு.

எண்ணெய் மோர் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்துள்ளது. இரவு முழுவதும் டிராக்டரை நிறுத்தி வைத்து, காலையில் என்ஜினைக் கிளப்பாமல் தொட்டியின் வடிகால் போல்ட்டை மெல்லத் தளர்த்தினால் முதலில் தண்ணீரே சொட்டும். ஹெட் கேஸ்கட், லைனரின் ரப்பர் வளையம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

3. மீட்டரும் விளக்கும்: என்ஜின் நின்ற பின்னும் முள் பூஜ்யத்துக்குத் திரும்பாவிட்டால் மீட்டரை நம்ப வேண்டாம். மீட்டருக்குச் செல்லும் மெல்லிய குழாயில் அடைப்பு இருந்தால் முள் சோம்பி நகரும். அழுத்த விளக்கு மட்டும் உள்ள டிராக்டர்களில், சாவியைத் திருப்பி என்ஜினைக் கிளப்புமுன் விளக்கு எரிகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். எரியாவிட்டால் பல்பு போயிருக்கும். அழுத்தம் ஏறக்குறைய இல்லாமல் போன பின்புதான் இவ்விளக்கு எரியும். எனவே விளக்கு அணைந்திருப்பதால் அழுத்தம் போதுமானது என்று பொருளாகாது. ஐயம் இருந்தால், அழுத்த ஸ்விட்ச் உள்ள துளையில் நல்ல மீட்டர் ஒன்றைப் பொருத்திப் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் கேட்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் என்ஜினைப் பிரிக்க ஒப்புக் கொள்ளக் கூடாது.

4. எண்ணெயும் பில்டரும்: கையேட்டில் கூறிய மணி நேரம் கடந்திருந்தால் இரண்டையும் மாற்றி விட்டு மீண்டும் அளவு பார்க்கவும். அடைத்துப் போன பில்டரில் எண்ணெய் வடிகட்டப்படாமலே குறுக்கு வழியாக பேரிங்குகளுக்குச் செல்லும். பழைய எண்ணெயைச் சுத்தமான தட்டில் வடித்து வெயிலில் சாய்த்துப் பார்க்கவும். செம்பு நிறத்திலோ, வெள்ளி நிறத்திலோ துகள்கள் மின்னினால் பேரிங் தேய்ந்து வருகிறது என்பதற்கு அது சான்றாகும். பில்டர் தாளைப் பிரித்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

5. ரிலீப் வால்வு: சில என்ஜின்களில் இதை வெளியிலிருந்தே கழற்றலாம். கழற்றித் துடைத்து, ஸ்பிரிங் ஒடிந்துள்ளதா, வால்வு உட்காரும் இடத்தில் கீறல் உள்ளதா என்று பார்க்கவும். ஒரு துளித் தூசி சிக்கியிருந்தாலே அழுத்தம் பாதியாகிவிடும்.

6. சல்லடை, பம்ப், பேரிங்: மேற்கண்டவை அனைத்தும் சரியாக இருந்தால் மட்டுமே எண்ணெய்த் தொட்டியை இறக்க வேண்டும். சில டிராக்டர்களில் இத்தொட்டி வார்ப்பிரும்பால் ஆனது. முன் அச்சையும் கியர் பெட்டியையும் இணைக்கும் உடற்பாகமும் அதுவே. அதை இறக்குவது பெரிய வேலை. இறக்கும்போது சல்லடை, உறிஞ்சு குழாய், பம்ப், பேரிங் ஆகிய எல்லாவற்றையும் ஒருங்கே பார்த்து விடுவது சிக்கனம்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு டிராக்டரில் சென்ற ஆண்டு சூடான நிலையில் 3 கிலோ இருந்தது, இப்போது 1.5 கிலோ காட்டுகிறது என்று கொள்வோம். அளவுக் கம்பியில் எண்ணெய் மேல் கோட்டுக்கு ஒரு விரல் உயரம் கூடுதலாக நிற்கிறது. டீசல் வாடை வீசுகிறது. பீட் பம்பைக் கழற்றிப் பார்த்தால் டயபிரம் கிழிந்துள்ளது. டயபிரமை மாற்றி, எண்ணெயும் பில்டரும் புதிதாக இட்டபின் முள் 2.8 கிலோவுக்கு வருகிறது. குறைந்துள்ள 0.2 கிலோ வயதின் தேய்மானம். அந்த டிராக்டரை நம்பி அவ்வாண்டு உழவை முடிக்கலாம்.

அதே டிராக்டரில் புது எண்ணெய் இட்ட பின்னும் முள் 1.8 கிலோவைத் தாண்டவில்லை என்றால் முடிவு வேறு. ரிலீப் வால்வைப் பார்க்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தால், உழவு முடியட்டும் என்று தள்ளிப் போடாமல் தொட்டியை இறக்கிவிட வேண்டும்.

தள்ளிப் போடுவதால் ஏற்படும் நட்டம்

பேரிங் என்பது எஃகுத் தகட்டின் மேல் மென்மையான உலோகம் பூசிய இரு அரைவட்டத் துண்டுகள். தேய்மானத்தைத் தொடக்கத்திலேயே கண்டால், கிராங்க் ஷாப்டில் கீறல் இல்லாத நிலையில், இத்துண்டுகளை மட்டும் மாற்றி வேலையை முடித்துவிடலாம். தாமதித்தால் கிராங்க் ஷாப்டைக் கழற்றி, லேத் பட்டறையில் 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் கடைந்து, அதற்கேற்ற பேரிங் போட வேண்டும். இன்னும் தாமதித்தால் பேரிங் சுழன்று, கனெக்டிங் ராடு ஒடிந்து, என்ஜின் பிளாக்கே உடைந்துவிடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்போது "டக்டக்" என்று தட்டும் ஓசை கேட்டாலோ, பாரம் இழுக்கும்போது அடியிலிருந்து கனத்த இடி ஓசை கேட்டாலோ மேலும் ஒரு சால் கூட ஓட்டக் கூடாது.

கெட்டி எண்ணெய் மருந்தாகாது

முள்ளை உயர்த்துவதற்காகச் சிலர் கையேட்டில் கூறியதைவிடக் கெட்டியான எண்ணெயை ஊற்றுகின்றனர். கெட்டியாக்கும் திரவங்களும் கடைகளில் விற்கப்படுகின்றன. இவற்றால் முள் உயரும். நோய் அப்படியே இருக்கும். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போது கெட்டி எண்ணெய் பேரிங்குகளைச் சென்றடையத் தாமதமாகும். அந்தச் சில விநாடிகளில் தேய்மானம் மேலும் கூடும்.

15 டபிள்யூ 40, 20 டபிள்யூ 40 ஆகிய எண்ணெய்களில் முதல் எண் குளிர்ந்த நிலையில் ஓடும் தன்மையையும், பின்னுள்ள 40 என்பது 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள கெட்டித் தன்மையையும் குறிக்கும். சூடான நிலையில் இவ்விரண்டிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றே. கையேட்டில் எது கூறப்பட்டுள்ளதோ அதையே, முத்திரை உடையாத டப்பாவில் வாங்க வேண்டும். வடிகட்டிய பழைய எண்ணெயை மலிவு என்று வாங்கக் கூடாது.

ரிலீப் வால்வு ஸ்பிரிங்கின் பின்னால் வாஷர் வைப்பதும் பயனற்ற வேலை. அந்த வால்வு மேல் எல்லையை மட்டுமே கட்டுப்படுத்துவது. தேய்ந்த பேரிங் வழியே எண்ணெய் ஓடிவிடும் என்ஜினில் அழுத்தம் அந்த எல்லையை எட்டுவதேயில்லை.

பழைய டிராக்டர் வாங்குவோர் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கிளப்பியவுடன் முள் உயர்ந்து நிற்பதைக் கண்டு முன்பணம் தந்துவிட வேண்டாம். அரை மணி நேரமாவது பாரத்துடன் ஓட்டிச் சூடேற்றி, மெதுவான ஓட்டத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்த பின்பே விலை பேச வேண்டும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

நாள்தோறும் காலையில் கிளப்புமுன் அளவுக் கம்பியைப் பார்க்கவும். கிளப்பிய சில விநாடிகளில் முள் எழ வேண்டும். 10 முதல் 15 விநாடிகளில் எழாவிட்டால் நிறுத்திவிடவும். முள் எழும் வரை வேகத்தைக் கூட்ட வேண்டாம். சேற்றுழவுக் காலத்தில் தினமும் ரேடியேட்டரைச் சுத்தம் செய்யவும். எண்ணெய் மாற்றிய நாளையும் மணி மீட்டரின் எண்ணையும் எழுதி வைக்கவும். வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ, வயலிலோ கொட்டாமல், மூடிய டப்பாவில் சேர்த்து முறையாக வாங்குவோரிடம் கொடுக்கவும்.

உழவுக்கு இரண்டு வாரம் முன்பாக இச்சோதனைகளைச் செய்து முடித்துக் கொண்டால், கோளாறு இருந்தாலும் பாகம் வாங்கிச் சரி செய்ய அவகாசம் கிடைக்கும். நாற்று தயாராகி, முறைத் தண்ணீரும் வந்து, ஆட்களும் வந்து நிற்கும் நாளில் டிராக்டர் நின்றுவிட்டால் நட்டம் பட்டறைச் செலவோடு முடியாது; நடவே தள்ளிப் போகும். கூடுதல் விவரம் வேண்டுவோர் தம் பகுதியிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையோ, வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். செல்லும்போது அழுத்தம் குறித்த நோட்டையும் உடன் எடுத்துச் செல்வது நல்லது.